கடை வண்டிக்கு இரண்டாவது பேட்டரி

வண்டி என்றால் ஊருக்குப் போய்வர மட்டும் என்று முன்பு நினைத்தோம். இப்போது வண்டியே கடையாகிறது. வண்டியே மருத்துவமனையாகிறது. வண்டியே நூலகமாகிறது. நாமக்கல்லில் இருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் லாரி ஓட்டும் தொழிலாளிக்கு மாதத்தில் பாதி நாள் வண்டிதான் வீடு.

இப்படிப்பட்ட வண்டி ஓடும்போது மட்டும் மின்சாரம் இருந்தால் போதாது. நிற்கும்போதும் வேண்டும். விளக்கு எரிய வேண்டும். விசிறி சுற்ற வேண்டும். குளிர்ப்பெட்டி வேலை செய்ய வேண்டும். செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதற்காகப் பலர் வண்டியில் இரண்டாவது பேட்டரி வைக்கிறார்கள். அதுவும் லித்தியம் பேட்டரி வைக்கிறார்கள். வண்டி ஓடும்போது எஞ்சினில் இருந்தே அதற்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள்.

இது நல்ல ஏற்பாடு. ஆனால் முறை தெரியாமல் செய்தால் பணம் போகும். சில நேரம் வண்டியே தீப்பிடிக்கும். முறை என்ன என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. இரண்டு வேலை, இரண்டு பேட்டரி

வண்டி வாங்கும்போதே அதில் ஒரு பேட்டரி இருக்கும். அதன் முக்கிய வேலை எஞ்சினைக் கிளப்புவது. சாவியைத் திருப்பியதும் சில நொடிகளுக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இழந்ததைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். இதை வண்டிப் பேட்டரி என்று அழைப்போம்.

வண்டிப் பேட்டரி ஓட்டப் பந்தயக்காரரைப் போன்றது. கொஞ்ச நேரம் வேகமாக ஓடும். நாள் முழுவதும் மூட்டை சுமக்காது. மாலை முழுவதும் அதில் விளக்கும் விசிறியும் போட்டால் அது வடிந்துவிடும். பிறகு வண்டி "செல்ப்" எடுக்காது. அடிக்கடி இப்படி வடிந்தால் பேட்டரியும் சீக்கிரம் கெட்டுவிடும்.

நாள் முழுவதும் மெதுவாக மின்சாரம் கொடுப்பதற்கு வேறு பேட்டரி வேண்டும். இதைக் கடைப் பேட்டரி என்று அழைப்போம். வண்டிப் பேட்டரி எஞ்சினுக்கு. கடைப் பேட்டரி விளக்குக்கும் விசிறிக்கும். இரண்டும் ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சுரங்க வேலைக்காகப் போய்க் குடியேறியவர்கள். தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் வேலைக்காகத் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள்.

அங்கே ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு சுய உதவிக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கடன் வாங்கி ஒரு பழைய சிறு வேன் வாங்குகிறார்கள். தினமும் மாலையில் பங்காருப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்துகிறார்கள். இட்லி, தோசை, சுண்டல் விற்கிறார்கள். போக அரை மணி நேரம். வர அரை மணி நேரம்.

முதலில் அவர்களிடம் ஒரே பேட்டரிதான் இருந்தது. இரவு பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டுச் சாவியைத் திருப்புவார்கள். வண்டி கிளம்பாது. தள்ளிவிட ஆள் தேட வேண்டும். இரவில் நடுவழியில் ஐந்து பெண்கள் நிற்பது லேசான காரியமா? அதனால் கடைப் பேட்டரி வைப்பது என்று குழுவில் தீர்மானம் போட்டார்கள்.

2. மின்சாரம் எங்கே பிறக்கிறது?

வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் கருவி ஆல்டர்னேட்டர். பழக்கத்தில் சிலர் இதை டைனமோ என்றே சொல்வார்கள். எஞ்சினில் இருந்து ஒரு பெல்ட் இதைச் சுற்றுகிறது. உள்ளே காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. டயோடு என்னும் சிறு உறுப்புகள் அதைப் பேட்டரிக்கு ஏற்ற ஒரே திசை மின்சாரமாக மாற்றுகின்றன.

12 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் கொடுக்கும். எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அது கருவியின் மேல் எழுதியிருக்கும். அல்லது வண்டியின் கையேட்டில் இருக்கும். நம் குழுவின் வேனில் 70 ஆம்பியர் என்று எழுதியிருந்தது.

இங்கே மூன்று செய்திகளை நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்று: அந்த 70 ஆம்பியரும் நமக்குக் கிடைக்காது. வண்டிக்கே செலவு இருக்கிறது. முகப்பு விளக்கு, துடைப்பான், எஞ்சினின் மின் உறுப்புகள் எல்லாம் சேர்ந்தால் 25 ஆம்பியர் கூட ஆகலாம்.

இரண்டு: எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் ஆல்டர்னேட்டர் முழு அளவைக் கொடுக்கும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது மிகவும் குறைவாகவே கொடுக்கும்.

மூன்று: ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது சூடாகும். அதைக் குளிர வைப்பது அதனுள்ளே இருக்கும் சிறு விசிறி. அந்த விசிறியும் எஞ்சின் வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் மெதுவாக ஓடினால் காற்றும் குறையும். சூடு தங்கிவிடும்.

3. ஈயமும் லித்தியமும்

நாம் அதிகம் பார்த்திருப்பது ஈயப் பேட்டரி. உள்ளே ஈயத் தகடும் அமிலமும் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவோமே, அந்தப் பேட்டரிதான். பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாந்தே இதை 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். அன்று தொடங்கி இன்று வரை உழைக்கிறது.

லித்தியம் பேட்டரி புதியது. இதில் பல வகை உண்டு. வண்டியில் கடைப் பேட்டரியாக வைக்க ஏற்ற வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் இந்தப் பொருளைப் பற்றி 1997ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். குட்இனஃபுக்கு 2019ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு மற்ற இருவருடன் சேர்த்துக் கிடைத்தது. லித்தியம் அயனிப் பேட்டரியை வளர்த்ததற்காக அந்தப் பரிசு.

இரண்டு பேட்டரிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எடை: ஒரே அளவு மின்சாரம் தாங்கும் ஈயப் பேட்டரியை விட லித்தியம் பேட்டரியின் எடை பாதிக்கும் குறைவு.

பயன்படும் அளவு: ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் பத்தில் எட்டுப் பங்கைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஆயுள்: ஈயப் பேட்டரி ஆழமாக வடிந்து நிரம்புவதைச் சில நூறு முறைதான் தாங்கும். நல்ல லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 2000 முறைக்கு மேல் தாங்கும்.

விலை: லித்தியம் பேட்டரிக்கு முதலில் அதிகப் பணம் போட வேண்டும்.

சார்ஜ் வாங்கும் முறை: இதுதான் நம் பாடத்தின் மையம். ஈயப் பேட்டரி குறுகிய வாய் உள்ள குடம் மாதிரி. குழாயை எவ்வளவு திறந்தாலும் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் போகும். நிரம்ப நிரம்ப இன்னும் குறைவாகத்தான் வாங்கும். லித்தியம் பேட்டரி வாய் அகன்ற அண்டா. கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். நிரம்பும் தறுவாய் வரை "போதும்" என்று சொல்லாது.

4. நேராகக் கம்பி இழுத்தால் என்ன?

குழுத் தலைவியும் மற்றவர்களும் ஒரு எலக்ட்ரீசியனிடம் போனார்கள். அங்கே நடந்த பேச்சு இது.

"தம்பி, வண்டிப் பேட்டரியில் இருந்து கடைப் பேட்டரிக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுங்கள். அது போதாதா? நடுவில் எதற்குச் சார்ஜர்? அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறீர்களே."

"கம்பி இழுத்தால் சார்ஜ் ஏறும் அக்கா. ஆனால் ஆல்டர்னேட்டர் எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

"ஏன், அது சார்ஜ் ஏற்றுவதற்குத்தானே இருக்கிறது?"

"உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் ஈயப் பேட்டரிக்காகச் செய்தது. வண்டியைக் கிளப்பியதும் சில நிமிடம் கஷ்டப்படும். பிறகு ஓய்வாக ஓடும். லித்தியம் அப்படி விடாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாட்டை மூச்சு விடாமல் ஏற்றத்தில் வண்டி இழுக்க வைத்தால் என்ன ஆகும்?"

"படுத்துவிடும்."

"அதேதான் அக்கா. உள்ளே கம்பிச் சுருள் கருகும். டயோடு போகும். ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டி வரும். சார்ஜர் வாங்க ஆகும் பணத்தை மிச்சம் பிடித்து என்ன பயன்?"

எலக்ட்ரீசியன் சொன்னது சரி. நேராக இணைப்பதில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு.

ஒன்று, திடீர் துண்டிப்பு. லித்தியம் பேட்டரிக்குள் ஒரு காவல் பலகை இருக்கும். கடையில் இதை பி.எம்.எஸ். என்பார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும் இது கவனிக்கும். வோல்ட் மிகுந்தாலும், மிகக் குறைந்தாலும், சூடு ஏறினாலும், மின்னோட்டம் அளவைத் தாண்டினாலும் பேட்டரியைச் சட்டென்று துண்டித்துவிடும். இது பேட்டரிக்கு நல்லது. ஆனால் ஆல்டர்னேட்டருக்கு? வேகமாகத் தண்ணீர் பாயும் குழாயைப் பட்டென்று மூடினால் குழாய் அதிரும் அல்லவா? அதுபோல ஆல்டர்னேட்டரில் வோல்ட் ஒரு கணம் மிக உயரமாக ஏறும். டயோடும் வண்டியின் மின் உறுப்புகளும் கெடலாம்.

இரண்டு, அரைகுறை நிரப்பம். சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட் கொடுப்பதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வண்டியின் கணினி வோல்ட்டை ஏற்றி இறக்கும். 12.5 வோல்ட் அளவுக்குக் கூட இறங்கும். அப்போது நேராக இணைத்த லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. வண்டி நாள் முழுவதும் ஓடியும் பேட்டரி காலியாகவே இருக்கும்.

5. நடுவில் ஒரு சார்ஜர்

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் ஒரே மருந்து டிசி-டிசி சார்ஜர். இது ஒரு சிறிய பெட்டி. ஒரு பக்கம் வண்டிப் பேட்டரியின் கம்பி வரும். மறுபக்கம் கடைப் பேட்டரிக்குக் கம்பி போகும். இந்தப் பெட்டி நான்கு வேலை செய்கிறது.

அ. அளவு கட்டும். 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் கடைப் பேட்டரிக்கு 20 ஆம்பியருக்கு மேல் விடாது. அண்டா எவ்வளவு கேட்டாலும் குழாய் இவ்வளவுதான் திறக்கும்.

ஆ. வோல்ட்டைச் சரி செய்யும். ஆல்டர்னேட்டர் குறைவாகக் கொடுத்தாலும் லித்தியத்துக்கு வேண்டிய வோல்ட்டுக்கு உயர்த்திக் கொடுக்கும். 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இது பெரும்பாலும் 14.2 முதல் 14.6 வரை. பேட்டரியின் மேல் எழுதியுள்ள அளவையே வைக்க வேண்டும்.

இ. எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும். எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். கடையில் எவ்வளவு செலவானாலும் வண்டிப் பேட்டரி வடியாது. இரவு பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும்.

ஈ. நடுவில் சுவராக நிற்கும். கடைப் பேட்டரியின் காவல் பலகை துண்டித்தாலும் அந்த அதிர்ச்சி ஆல்டர்னேட்டருக்குப் போகாது.

எத்தனை ஆம்பியர் சார்ஜர் வாங்குவது? ஆல்டர்னேட்டரின் அளவில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால் ஆபத்து இல்லை. குழுவின் கணக்கு இப்படி வந்தது. 20 ஆம்பியர் சார்ஜர் ஆல்டர்னேட்டரில் இருந்து சுமார் 23 ஆம்பியர் எடுக்கும். வண்டியின் சொந்தச் செலவு 25 ஆம்பியர். மொத்தம் 48. ஆல்டர்னேட்டரின் அளவு 70. மூச்சு விட இடம் இருக்கிறது.

வாங்கும்போது "லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு ஏற்றதா?" என்று கேளுங்கள். புதிய வண்டி என்றால், சாவி போட்டதும் சார்ஜருக்குச் செய்தி சொல்லும் ஒரு தனிக் கம்பியையும் இணைக்கச் சொல்லுங்கள். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். அதற்கு ஏற்ற சார்ஜர் வேறு.

6. வரவும் செலவும்

வீட்டுக் கணக்கில் வரவு, செலவு எழுதுகிறோம். பேட்டரிக்கும் அப்படியே எழுத வேண்டும்.

குழு வாங்கியது 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. 12.8 ஐ 100 ஆல் பெருக்கினால் 1280 வாட்-மணி. 1000 வாட்-மணி ஒரு யூனிட். எனவே இந்தப் பேட்டரிக்குள் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் தங்கும்.

ஒரு நாள் செலவு:

விளக்கு: 20 வாட், 5 மணி நேரம் = 100 வாட்-மணி
விசிறி: 25 வாட், 5 மணி நேரம் = 125 வாட்-மணி
சிறு குளிர்ப்பெட்டி: சராசரி 30 வாட், 10 மணி நேரம் = 300 வாட்-மணி
செல்பேசியும், பணம் வந்ததைச் சொல்லும் பெட்டியும்: 10 வாட், 5 மணி நேரம் = 50 வாட்-மணி
மொத்தம் = 575 வாட்-மணி

575 ஐ 12.8 ஆல் வகுத்தால் சுமார் 45. ஆக ஒரு நாளில் 45 ஆம்பியர்-மணி செலவாகிறது.

ஒரு நாள் வரவு:

வண்டி ஓடுவது ஒரு மணி நேரம். சார்ஜர் 20 ஆம்பியர். வரவு 20 ஆம்பியர்-மணி.

செலவு 45. வரவு 20. தினமும் 25 குறைகிறது. இப்படியே போனால் என்ன ஆகும்? நிரம்பிய பேட்டரியுடன் தொடங்குவோம்.

முதல் நாள் கடை முடிந்ததும் மீதி 55. ஓட்டத்தில் 20 ஏறி 75 ஆகும்.
இரண்டாம் நாள் கடை முடிந்ததும் மீதி 30. ஓட்டத்தில் 20 ஏறி 50 ஆகும்.
மூன்றாம் நாள் கடை முடிந்ததும் மீதி 5. ஓட்டத்தில் 20 ஏறி 25 ஆகும்.
நான்காம் நாள் வேண்டியது 45. இருப்பது 25. வியாபாரத்தின் நடுவில் விளக்கு அணைந்துவிடும்.

பேட்டரி கெட்டுவிட்டது என்று அன்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகலாம். ஆனால் கெட்டது பேட்டரி அல்ல, கணக்கு. வரவுக்கு மேல் செலவு செய்தால் எந்தப் பெட்டியும் காலியாகும்.

"எஞ்சினை ஓடவிட்டு நின்றபடியே சார்ஜ் ஏற்றலாமே" என்று சிலர் நினைப்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைவது 25 ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர் வீதம் ஏற்ற ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் டீசல் குடிக்கிறது, ஒரு லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 56 ரூபாய் ஆகும். புகை வேறு. நின்றபடி ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டரும் அதிகம் சூடாகும்.

அதே 25 ஆம்பியர்-மணியை இரவில் வீட்டு மின்சாரத்தில் ஏற்றினால்? இழப்பையும் சேர்த்து யூனிட்டில் பத்தில் நான்கு பங்குதான் வேண்டும். ஒரு யூனிட் 7 ரூபாய் என்றால் ஏறக்குறைய 3 ரூபாய்!

குழு இப்படித்தான் முடிவு செய்தது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரில் இருந்து வருவது வரட்டும். மீதியை இரவில் வீட்டில் ஏற்றுவோம். 10 ஆம்பியர் வீட்டுச் சார்ஜரில் இரண்டரை மணி நேரம் போதும். அதுவும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கான சார்ஜராக இருக்க வேண்டும். ஈயப் பேட்டரியின் பழைய சார்ஜரைப் போடக் கூடாது. வண்டியின் கூரையில் சூரிய ஒளித் தகடு வைப்பதும் நல்ல வழி. பகலில் நிற்கும் வண்டிக்கு அது சும்மா கிடைக்கும் வரவு.

தினமும் நான்கு மணி நேரம் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கு மணி நேரத்தில் 80 ஆம்பியர்-மணி ஏறிவிடும். எனவே பேட்டரி வாங்கும் முன், வண்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

7. கம்பியும் பியூசும்

நல்ல பேட்டரியும் நல்ல சார்ஜரும் வாங்கிவிட்டு, மெல்லிய கம்பி போடுவது பெரிய தவறு.

எஞ்சினுக்கும் கடைப் பேட்டரிக்கும் நடுவே 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 10 மீட்டர் கம்பி. வீட்டில் பிளக்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 23 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். தொலைந்தது எங்கே போகும்? கம்பியைச் சூடாக்கும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே தொலையும். கடையில் "பத்து ஸ்கொயர்" என்று கேட்டால் கொடுப்பார்கள். பல மெல்லிய இழைகள் கொண்ட செம்புக் கம்பியாக வாங்குங்கள்.

பியூஸ் என்பது கம்பியின் காவல்காரர். கம்பி எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், பியூஸ் தன்னை எரித்துக்கொண்டு வண்டியைக் காப்பாற்றும். இந்தக் கம்பிக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. எனவே இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். சார்ஜரின் கையேடு சொல்லும் அளவையே போட வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் கம்பியைச் சுற்றி வைப்பது, காவல்காரரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்குச் சமம்.

கம்பி தகட்டு ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். முனைகளை வெறுமனே முறுக்கிக் கட்டக் கூடாது. லக் வைத்து அழுத்தி, போல்ட் போட்டு முறுக்க வேண்டும்.

8. கேஸ், வெயில், குளிர்

சமையல் வண்டியில் கேஸ் சிலிண்டர் இருக்கும். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. வண்டியின் தரையில் தங்கும். பேட்டரி முனையிலோ சுவிட்சிலோ ஒரு சிறு பொறி பட்டால் போதும். எனவே பேட்டரி, சார்ஜர், சுவிட்ச் ஆகியவற்றைச் சிலிண்டர் இருக்கும் பகுதியில் வைக்கவே கூடாது. நடுவில் தடுப்பு வேண்டும். தரையோடு ஒட்டிக் காற்றுப் போக வழியும் வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு வெயிலும் ஆகாது, கடுங்குளிரும் ஆகாது. பெரும்பாலான பேட்டரிகளில் 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். ராஜஸ்தானிலும் விதர்பாவிலும் கோடையில் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். எனவே எஞ்சின் பக்கத்தில் வைக்கக் கூடாது. காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். லடாக், இமாச்சலப் பிரதேச மலைகளுக்குப் போகும் லாரிகளுக்கு வேறு சிக்கல். நீர் உறையும் குளிரில், அதாவது 0 பாகைக்குக் கீழே, சார்ஜ் ஏற்றினால் பேட்டரியின் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். குளிர்க் காவல் உள்ள பேட்டரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், மற்ற லித்தியம் வகைகளை விட எளிதில் தீப்பிடிக்காது. அதற்காக அதற்குத் தீயே வராது என்று நம்பக் கூடாது. பேட்டரி உப்பினாலோ, புகைந்தாலோ, புது வாடை வந்தாலோ எஞ்சினை நிறுத்துங்கள். எல்லாரும் இறங்கித் தூரமாகப் போங்கள். 101 அல்லது 112 எண்ணுக்குப் பேசுங்கள். உள்ளே இருக்கும் பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். பாத்திரம் வாங்கலாம், உயிர் வாங்க முடியாது.

9. நினைவில் வையுங்கள்

வேலையைப் பழகிய எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கேள்வி கேளுங்கள்.

பேட்டரி அருகே கை வைக்கும் முன் வளையல், மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். உலோகம் இரண்டு முனைகளையும் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கம்பியைக் கடைசியில் மாட்டுங்கள்.

புதிதாகப் பொருத்திய பிறகு முதல் பயணத்தில், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். கம்பி முனைகளின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

மாதம் ஒரு முறை போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பாருங்கள். பெல்ட் தளர்ந்து கிறீச்சிட்டால் சார்ஜ் சரியாக ஏறாது.

ஒரு மாதம் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் கடைப் பேட்டரியைப் பாதி நிரம்பிய நிலையில் விடுங்கள். எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

வாங்கிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வையுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. எனவே போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். உடைக்காதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022ஆம் ஆண்டில் வந்துள்ளன. பழைய பேட்டரியைத் தனியாக வைத்துச் சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

வோல்ட்: மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு
ஆம்பியர்: கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு
ஆம்பியர்-மணி: பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு
வாட்: ஒரு கருவி மின்சாரத்தைச் செலவழிக்கும் வேகம்
ஆல்டர்னேட்டர்: எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி
காவல் பலகை: லித்தியம் பேட்டரியின் உள்ளே இருந்து அதைக் காக்கும் மின் பலகை

படித்துப் பாருங்கள், பதில் சொல்லுங்கள்

1. வண்டிப் பேட்டரியில் மாலை முழுவதும் விளக்கும் விசிறியும் போட்டால் என்ன ஆகும்?
2. ஈயப் பேட்டரியைக் குடத்துக்கும் லித்தியம் பேட்டரியை அண்டாவுக்கும் ஒப்பிட்டது ஏன்?
3. டிசி-டிசி சார்ஜர் செய்யும் நான்கு வேலைகள் எவை?
4. சமையல் வண்டியில் பேட்டரியைச் சிலிண்டர் பக்கத்தில் ஏன் வைக்கக் கூடாது?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் ________ மின்சாரம் கொடுக்கும்.
2. கம்பியின் காவல்காரர் ________.
3. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் ________ கம்பியைக் கழற்ற வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

கிராமங்களுக்குப் போகும் ஒரு மருத்துவ வண்டி. அதில் 30 வாட் விளக்கு 4 மணி நேரம் எரிகிறது. 20 வாட் விசிறி 4 மணி நேரம் சுற்றுகிறது. மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி சராசரி 23 வாட் வீதம் 8 மணி நேரம் ஓடுகிறது. பேட்டரி 12.8 வோல்ட். சார்ஜர் 20 ஆம்பியர்.

அ. ஒரு நாள் செலவு எத்தனை வாட்-மணி?
ஆ. அது எத்தனை ஆம்பியர்-மணி?
இ. அதைத் திரும்ப ஏற்ற வண்டி எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

விடை: அ. 384 வாட்-மணி. ஆ. 30 ஆம்பியர்-மணி. இ. ஒன்றரை மணி நேரம். இழப்புக்காகச் சில நிமிடங்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊருக்கு எந்தெந்தக் கடை வண்டிகள் வருகின்றன? அவற்றில் எத்தனை பேட்டரி இருக்கிறது, சார்ஜ் எப்படி ஏற்றுகிறார்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்டு எழுதி வாருங்கள். வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவிலும் வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் வரவு செலவு அட்டவணையை எழுதுங்கள். பேட்டரியை அதற்குப் பிறகு வாங்கலாம்.